சுவத்துல கிறுக்காதே!

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டாவது வாடகை வீட்டின் ஹாலில் ஒரு சணல் கயிறு இருந்தது. ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து, சுவரை ஒட்டினாற்போலவே போய், சமையலறைக் கதவின் கொக்கியில் முடியும். என் நெஞ்சுக்கு நேராக இருக்கும். அதில் துணி கிளிப் போட்டு, பழைய மாதக் காலண்டர் தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள் அம்மா. மளிகைக்கடைக்காரரும் அடகுக்கடைக்காரரும் கொடுத்த காலண்டர்கள். சாமி படம் சுவரைப் பார்த்திருக்கும், வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்திருக்கும்.

“உனக்கு எவ்ளோ வேணுமோ வரைஞ்சுக்கோடி. இதுல மட்டும்தான். சுவத்துல கிறுக்கினே, ஓனரம்மா நம்மளை வெளியே அனுப்பிடுவாங்க.”

1994. எனக்கு ஆறு வயது. ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கயிறு. டேப் ஒட்டினால் சுண்ணாம்பு உரிந்து வந்துவிடும் என்பதால் கிளிப். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் வந்த ஏற்றுமதி வளாகத்தை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘மெப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்துவிட்டு, கால் வீங்கி வீடு திரும்புகிற ஒரு பெண், யாரோ ஒருவருடைய சுவரைத் தன் குழந்தையிடமிருந்து காப்பாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறாள்.

அந்தக் கயிற்றை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன். 2019 பிப்ரவரியில், செழியன் இயக்கிய ‘டு லெட்’ பார்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்வரை.

வீடு தேடும் முப்பது நாள்

கதை ஒரு வரிதான். 2007. சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் வந்து வாடகை எகிறிக்கொண்டிருக்கும் காலம். சினிமாவில் எழுத்தாளனாக, உதவி இயக்குநராகக் காலம் தள்ளும் இளங்கோ, அவன் மனைவி அமுதா, மகன் சித்தார்த். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரம்மா. அந்த ஒரு மாதம்தான் படம். பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. மின்விசிறியின் சத்தம், பாத்திரச் சத்தம், கதவு தட்டும் சத்தம். செழியன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். தன் சொந்த அனுபவத்திலிருந்துதான் இதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். தயாரித்தவர் அவர் மனைவி பிரேமா. திரைவிழாக்களைச் சுற்றிவிட்டு, 65-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, அதற்கும் பிறகுதான் தியேட்டருக்கு வந்தது.

இதை வீடு கிடைக்காத ஒருவனின் கதையாகவே பலரும் எழுதினார்கள். சாதி கேட்கிறார்கள், மதம் கேட்கிறார்கள், கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்கிறார்கள், சினிமாக்காரன் என்றதும் முகம் மாறுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் நான் பார்த்தது அமுதாவின் கதை. இளங்கோவுக்கு அவமானம் தெருவில் நடக்கிறது. ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். அமுதாவுக்கு அது வீட்டுக்குள் நடக்கிறது. போர்டு மாட்டியாகிவிட்டது, அதனால் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் வீடு பார்க்க வருகிறார்கள். அவள் அடுப்படியை எட்டிப் பார்க்கிறார்கள், படுக்கை அறையைப் பார்க்கிறார்கள், பாத்ரூம் கதவைத் திறக்கிறார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். இன்னும் அவள்தான் அங்கே குடியிருக்கிறாள். இந்த மாத வாடகையும் கொடுத்தாகிவிட்டது.

ஷீலா ராஜ்குமார் இந்தப் பாத்திரத்தில் பெரிதாக அழுவதில்லை. வீட்டுக்காரம்மாவாக வரும் ஆதிரா பாண்டிலட்சுமியின் முன்னால் நிற்கும்போது அவருடைய தோள் கொஞ்சம் சுருங்கும், குரல் ஒரு படி இறங்கும். அதே குரல், கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்ததும் பிள்ளையிடம் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில் எனக்கு என் வீடு தெரிந்தது.

பையன் சுவரில் வரைகிறான். ஐந்து வயதுப் பையன் வேறு எங்கே வரைவான்? அந்தக் கிறுக்கல்கள் வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படும்போது அது குற்றமாகிறது. பிள்ளையின் கை உலகத்தில் முதன்முதலாகப் பதித்த கோட்டைப் பெற்றவர்களே தேய்த்து அழிக்க வேண்டியிருக்கிறது.

வறுமையின் கொடுமை என்று நம் சினிமா சொல்லிப் பழகியது பசியை, கிழிசலை, கடன்காரனை. வாடகை வீட்டுக் குடும்பத்தின் கொடுமை வேறு மாதிரி. வீட்டுக்காரர் போடும் சட்டம் எதுவும் குழந்தையிடம் நேராகப் போய்ச் சேருவதில்லை. ஓடாதே, குதிக்காதே, சத்தம் போடாதே, மாடிக்குப் போகாதே, மோட்டார் போட்டதும் குழாயைத் திறக்காதே, உன் ஃப்ரெண்ட்ஸை உள்ளே கூப்பிடாதே... இத்தனையும் அம்மாவின் வாய்வழியாகத்தான் வந்து சேரும். குழந்தையின் கண்ணுக்கு மேல்மாடியில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சாக்லேட் கொடுக்கும் ஆன்ட்டி. திட்டுகிறவள் அம்மா. இன்னொருத்தர் சொத்துக்குக் காவல் நிற்கும் வேலை, சம்பளமில்லாமல், பெற்றவளின் தலையில் விழுகிறது. அவள் காவல் காப்பது தன் பிள்ளையிடமிருந்து.

தையல் மிஷினும் தெய்வமும்

தமிழ் சினிமாவுக்குத் தாய் புதிதல்ல. ‘தாய் சொல்லைத் தட்டாதே’ (1961), ‘தெய்வத்தாய்’ (1964) என்று தலைப்பிலேயே தாயை ஏற்றிவைத்த காலம் ஒன்று இருந்தது. பண்டரிபாய் ஒருவரே எத்தனை நாயகர்களுக்கு அம்மா! 1992-ல் ‘மன்னன்’ வந்தபோதும் அவர்தான் அம்மா. இந்த அம்மாக்களுக்குக் கஷ்டம் உண்டு. அவர்கள் கஷ்டப்படுவதே மகன் பெரிய ஆளாகி வந்து காலில் விழுவதற்காக. கணவன் போனதும் வீட்டுக்குள் ஒரு தையல் மிஷின் வந்துவிடும். ராத்திரி, மண்ணெண்ணெய் விளக்கு, மிஷின் சத்தம், இருமல். அடுத்த காட்சியில் மகன் வளர்ந்திருப்பான்.

அந்தக் காட்சி வரும்போதெல்லாம் அம்மா ஒன்று சொல்வாள்: “டார்கெட் எவ்ளோன்னு யாருமே கேக்க மாட்டேங்கறாங்க.” மெப்ஸில் தைத்தவளுக்குத் தையல் மிஷின் தியாகத்தின் சின்னமல்ல. மணிக்கு இத்தனை பீஸ், சூபர்வைசர், ஓ.டி., பாத்ரூம் போக டோக்கன். அங்கிருந்து அடித்துப்பிடித்து எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடித்து வந்து, தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தை நிரப்பினால்தான் மறுநாள் விடியும். அதில் தெய்வீகம் எதுவும் இல்லை, அசதிதான் இருந்தது. அசதியில் என்னை நாலு சாத்து சாத்தியும் இருக்கிறாள்.

இதே செழியன் ஒளிப்பதிவு செய்த படம்தான் சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010). அதில் வீராயியாக நடித்ததற்குத்தான் சரண்யா பொன்வண்ணனுக்குத் தேசிய விருது கிடைத்தது. வீராயியும் கஷ்டப்படுகிறவள்தான். ஆனால் காடு, ஆடு என்று அவளுக்கு ஒரு மண் இருக்கிறது. வாய்விட்டுக் கத்த ஒரு வெளி இருக்கிறது. தேனியின் அந்தப் பொட்டல் வெளியைப் படம்பிடித்த அதே கண், சில ஆண்டுகள் கழித்து ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படிக்குள் ஒரு தாயை நிறுத்துகிறது. அங்கே அவள் கத்தினால் மாடிக்குக் கேட்கும்.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) இந்த வரிசைக்கெல்லாம் மூத்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த சுதா என்ற அந்தப் பெண் தாயல்ல. தாத்தாவையும் தங்கையையும் சுமக்கும் வேலைக்குப் போகும் பெண். ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளிலிருந்து அவள் பட்ட பாட்டைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தின் தாய் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அமுதாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். இளங்கோவுக்கு ஒரு கனவு இருக்கிறது, சினிமா. அமுதாவுக்கு வீடு தவிர வேறு என்ன வேண்டியிருந்தது என்பதைப் படம் பெரிதாகத் தேடிப் போவதில்லை. ஒருவேளை அந்த ஒரு மாதத்தில் அவளுக்கே அது மறந்துபோயிருக்கலாம். இருந்தாலும் நான் கேட்டிருப்பேன்.

‘டு லெட்’ வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஷீலா ராஜ்குமார் நடித்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ கேரளத்தில் வந்தது. அதிலும் அவர் ஒரு தமிழ்த் தாய்தான். கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நிற்கும் சதி. கதவுகூட ஒழுங்காக இல்லாத, பூச்சுப் பூசாத ஒரு வீட்டில் நான்கு சகோதரர்கள் அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். என்ன ஆளுங்க, எத்தனை பேர், அட்வான்ஸ் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே மாதத்தில் இரண்டு படங்கள், ஒரே முகம். ஒன்றில் சுண்ணாம்பு அடித்த வீடு அவளை வெளியே தள்ளுகிறது, இன்னொன்றில் பூசாத வீடு உள்ளே அழைக்கிறது.

பெரும்பாக்கத்துக்குப் போன அம்மா

மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ 2015 ஜூன் 5-ல் தியேட்டருக்கு வந்தது. சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைப் பகுதி. கணவன் ஜெயிலில். அவனை வெளியே எடுக்க வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்கே உழைப்பு போய்விடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தண்டவாளத்தில் கரி பொறுக்குகிறார்கள். அந்த அம்மாவாக நடித்தபோது ஐஸ்வர்யா ராஜேஷுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. அந்த வயதில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக நடித்தால் அதற்குமேல் நாயகி வேடம் கிடைக்காது என்று பயமுறுத்தும் தொழில் அது. தன் அப்பா இறந்தபின், எல்.ஐ.சி. ஏஜென்ட்டாக வீடுவீடாக ஏறியிறங்கித் தங்களை வளர்த்த தன் அம்மாவைப் பற்றி அவர் மேடையிலேயே பேசியிருக்கிறார். அந்தப் படத்தில் அவர் சோறு போடும் விதத்தைப் பாருங்கள். குனிந்து, அவசரமாக, அடுத்த வேலையில் பாதி மனசோடு. அதை எந்த நடிப்புப் பள்ளியிலும் கற்க முடியாது.

அந்த அம்மாவுக்கும் அமுதாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடிசை அம்மா பிள்ளைகளிடமிருந்து சுவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அந்தச் சுவரில் கரியால் எழுதினாலும் கேட்க ஆளில்லை. ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வரலாம், காக்கா முட்டையை எடுத்துக் குடிக்கலாம். அந்த மரம் இருந்த இடத்தில் பீட்ஸா கடை வரும்வரை. வெள்ளைச் சுவரின் பயம் நடுத்தர வர்க்கத்தின் கீழ்ப்படிக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது.

படம் வந்த அதே ஆண்டு டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் முழுக்க மூழ்கியது. ஆற்றின் கீழ்ப்போக்கில் சைதாப்பேட்டைக் குடிசைகள் போயின. அதன்பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்கள் பலவற்றை அரசு எங்கே குடியமர்த்தியது? மேடவாக்கத்தைத் தாண்டி பெரும்பாக்கத்தில், அடுக்குமாடிகளில். அதாவது, நிஜத்தில் ‘காக்கா முட்டை’ அம்மா இன்றைக்கு எங்கள் பக்கத்துக்காரி. அவளுக்கு வீடு கிடைத்தது, ஆனால் வீட்டு வேலை செய்துவந்த தெருக்களெல்லாம் சைதாப்பேட்டை பக்கமே நின்றுவிட்டன. காலையில் பிள்ளையைக் கிளப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கு அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் கைவைக்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? அதைப் பற்றிய படம் இன்னும் வரவில்லை.

அந்த வெள்ளத்தை வைத்து லட்சுமி ராமகிருஷ்ணன் எடுத்த படம் 2019 ஜூனில் வந்தது. ‘ஹவுஸ் ஓனர்’. நினைவு தப்பிய ஓய்வுபெற்ற ராணுவ வீரர், அவரைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்ளும் மனைவி, உள்ளே ஏறும் தண்ணீர். அவர் இது என் வீடு என்று வெளியே வர மறுக்கிறார். ஒரே ஆண்டில் ‘டு லெட்’டும் ‘ஹவுஸ் ஓனர்’ படமும் வந்தன. முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். பீரோ, மெத்தை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் போன பிறகு சகதியை வழித்து வெளியே போட்டதும் அவர்கள்தான். அந்த வாரம் ஒரு தெருவில், ஒரு பெண் தன் பிள்ளையின் எல்.கே.ஜி. குரூப் போட்டோவை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கொடியில், துணி கிளிப் போட்டு.

அடுத்த நாள் வந்த சட்டம்

2019 பிப்ரவரி 21-ல் ‘டு லெட்’ வெளியானது. மறுநாள், 22-ம் தேதி, தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960-ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2017-ல் இயற்றியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

அந்த ‘ஒழிய’ என்ற சொல்லுக்குள் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை எல்லாம் அடக்கம். பத்து மாத அட்வான்ஸ் என்பதுதான் இங்கே நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கணக்கு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாதம் பிடித்துக்கொள்வார்கள். கேம்ப் ரோடு பக்கம் போய் ‘சட்டப்படி மூணு மாசம்தானே’ என்று கேட்டுப் பாருங்கள், ‘அப்ப சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க’ என்பார்கள்.

சட்டம் எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எழுத்தில் ஒப்பந்தம் வந்ததே பெரிய விஷயம்தான். ஆனால் குழந்தை சுவரில் வரைந்தால் வீடு போகும் என்ற பயத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை. அது வாய்ப் பேச்சாகவே இருக்கிறது.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஒரே ஊர். முன்பு கிணறு இருந்த இடங்களில் நான்கு மாடி. மாடிக்கு ஒரு குடும்பம், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘ஷ்ஷ்... கீழே கேக்கும்’ என்கிறாள்.

சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்ட குடும்பத்தின் கதையாக 2025 ஜூலையில் ‘3 பி.எச்.கே.’ வந்தது. அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து ஸ்ரீகணேஷ் எடுத்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கையிலிருந்து நழுவும் வீடு. என் தலைமுறையில் பலர் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஆனாலும் அது அப்பாவும் மகனும் சுமக்கும் கனவு. அந்தக் கனவுக்குச் சோறு வடித்த அம்மாவாக தேவயானி ஓரத்தில் நிற்கிறார். அவர் முகத்தைக் கேமரா இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்திருந்தால், வேறு ஒரு படம் கிடைத்திருக்கும்.

ஆட்டோவில் ஒரு பேச்சு

‘டு லெட்’ பார்த்த அன்று இடைவேளையில் அம்மா எதுவும் பேசவில்லை. பாப்கார்ன் வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். படம் முடிந்து ஆட்டோவில் வரும்போது, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது அவனை சுவத்துல வரைய விட்டிருக்கா. நான் உன்னை விடவே இல்லை.”

எனக்கு அப்போதுதான் கயிறு ஞாபகம் வந்தது. “நீ காலண்டர் கட்டி வெச்சியேம்மா” என்றேன்.

“அது ஓனருக்காகக் கட்டினது. உனக்காகன்னு நீ நெனச்சுட்டே.”

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்த வீட்டை நாங்கள் காலி செய்தபோது சுவர் வந்த நாளைப் போலவே வெள்ளையாக இருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்து, கிளிப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, காலண்டர் தாள்களைச் சுருட்டி அம்மா தன் கையிலேயே எடுத்துக்கொண்டாள். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி அட்வான்ஸைக் கொடுத்தார்கள். அப்பா அதைக் கேட்டு இரண்டு வார்த்தை பேசப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு, கையிலிருந்து போகாத அந்த வாடையைச் சாக்காக வைத்து வீடு மறுத்தவர்களும் உண்டு. இன்னொரு வீடு தேடும்போது பழைய ஓனர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்ற கணக்கு அம்மாவுக்கு.

அப்பா இப்போது இல்லை. பெருங்களத்தூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட், என் பெயரிலும் அம்மா பெயரிலும் வாங்கியது. லோன் இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது. பத்திரத்தை அம்மா பட்டுப்புடவைக்குள் சுற்றி வைத்திருக்கிறாள்.

குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. என் பையன் ஹால் சுவர் முழுக்க ட்ரெய்ன் வரைந்து வைத்திருக்கிறான். கடற்கரை டு செங்கல்பட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனும் அவன் கையெழுத்தில். அவன் வரைய ஆரம்பித்தால் அம்மா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடிவதில்லை.

அப்பாவின் போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டு, டி.வி. ஸ்டாண்டின்மேல், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். ஃபேன் வேகமாகச் சுற்றினால் சரிந்துவிடும். “ஒரு ஆணி அடிச்சு மாட்டிடலாமேம்மா” என்று போன பொங்கலுக்கும் கேட்டேன்.

“அடிக்கலாம், அடிக்கலாம்” என்றாள். சரிந்த போட்டோவை நிமிர்த்தி, அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.